காகிதப் பக்கமும் அப்பாவின் கன்னடமும்

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன நாளில், வகுப்பில் எல்லோரும் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு எடுத்து முடித்திருந்தார்கள். பி.சி.ஏ. கடைசி வருடம். பெங்களூரில், அடுகோடிப் பக்கத்தில் சின்னக் கல்லூரி. பின்சந்தில் லேத் பட்டறை ஓடுகிற சத்தம் எங்கள் கம்ப்யூட்டர் லேப் வரை கேட்கும். வெப் டிசைன் பாடத்துக்காக இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் இணையதளம் செய்ய வேண்டும். ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி உலகத்தில் யார் யாரோ எழுதுகிற வலைப்பதிவுகளிலிருந்து, புதிதாக வருவதையெல்லாம் தானாகவே திரட்டி ஒரே பக்கத்தில் காட்டுகிற தளம். கிரிக்கெட், சினிமா, மொபைல், வேலைவாய்ப்பு எல்லாம் போய்விட்டிருந்தன.

தர்மபுரியிலிருந்து வந்து பி.ஜி. விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் தங்கியிருந்ததும் எங்கள் பொம்மனஹள்ளியில்தான். அதுவரை பஸ்ஸில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

"பேப்பர் கிராஃப்ட் எடுத்திருக்கேன்டி. நீ எப்படியும் வருவேன்னு உன் பேரையும் சேத்து எழுதிட்டேன். ஓகேவா?"

"ஓகே."

"பேப்பர் கிராஃப்ட்னா என்னன்னு தெரியும்ல?"

"பேப்பர்ல செய்யறது."

அவள் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். அதில் காகிதக் கம்மல் தொங்கியது. மெல்லிய வண்ணத் தாளை நாடாவாக வெட்டி, சுருட்டி, பசை வைத்துச் செய்தது. அவளே செய்ததாம். "நல்லாருக்கு" என்றேன். அந்த மாதங்களில் யார் எதைக் காட்டினாலும் நல்லாருக்கு, எதைக் கேட்டாலும் ஓகே. சொன்னால் பேச்சு முடிந்துவிடும்.

அப்பா கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தாவோடு சுரங்க வேலை எங்கள் குடும்பத்தில் முடிந்தது. அப்பா விடியலில் ரயிலேறி பெங்களூருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். பிறகு சிட்டி பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு பொம்மனஹள்ளிக்கு வந்துவிட்டார். நாள் முழுக்க கன்னடத்தில் கத்திவிட்டு வருவார். வீட்டுக்குள் கால் வைத்ததும் கன்னடத்தை யூனிஃபார்மோடு கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். அம்மாவிடம் ஒரு சொல் கன்னடம் பேசி நான் கேட்டதில்லை. அம்மா ஆம்பூர்ப் பக்கம். இருவரும் பேசிக்கொள்வதே சண்டை போடுவது மாதிரிதான் இருக்கும். 'இன்னா', 'இத்தினி' என்று ஒரே வேகம். எதிர்வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஒரு நாள் டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது. டீ பேன்ட்டில் கொட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை என்று டிரைவர் சொன்னார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. சில நாட்கள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சு மட்டும் கொஞ்சம் திரும்பியது. அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு குனிந்திருந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்து, தெளிவாக, "முந்தெ ஹோகி" என்றார்.

முன்னால் போங்கள். பஸ் படியில் நிற்பவர்களிடம் சொல்வது.

அம்மா என் பக்கம் திரும்பி, "இன்னாடி சொல்றாரு?" என்றாள்.

அம்மாவுக்குக் கன்னடம் தெரியும். தைக்கப் போகிற கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசரோடு கன்னடத்தில்தான் சண்டை போடுவாள். ஆனாலும் என்னைக் கேட்டாள். "தள்ளி உக்காரச் சொல்றாரு போல" என்றேன். அம்மா ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

டாக்டரிடம் கேட்டோம். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்குச் சில சமயம் ஒன்று முதலில் வரும், மற்றது தாமதமாக வரலாம் என்றார். எப்போது என்று அவர் சொல்லவில்லை. வராமலும் போகுமா என்று நாங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அதேதான். முந்தெ ஹோகி. யார்ரீ டிக்கெட். ஒளகெ பன்னி. சாக்கு, போதும். பேட, வேண்டாம். அம்மாவையும் அவர் 'ரீ' போட்டு மரியாதையாகவே பேசினார். "பஸ்ஸுல ஏறுன பொம்பளைகிட்ட பேசற மாதிரி பேசறாருடி" என்று அம்மா ஒருமுறை பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். நான் அதற்கும் "ம்" என்றேன்.

அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நான் காலையில் மட்டும் வகுப்புக்குப் போய்விட்டு மதியம் வந்துவிட எங்கள் வகுப்பு மேடம் அனுமதி கொடுத்தார். அதனால் புராஜெக்ட் வேலை எங்கள் வீட்டில் நடந்தது. தர்மபுரிப் பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பி.ஜி.யிலிருந்து நடந்து வருவாள். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கட்டிலிலிருந்து சத்தமாக, "பன்னி, பன்னி, ஒளகெ பன்னி" என்றார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். பெங்களூருக்கு வந்து சில வருடம் ஆகியிருந்தாலும் அந்தச் சொல் அவளுக்கு முதலில் தமிழாகத்தான் காதில் விழுந்திருக்கிறது.

"வாங்க வாங்க, உள்ள வாங்கன்னு சொல்றாரு" என்றேன்.

"ஐயோ, தெரியும்டி. ஒரு செகண்ட் பயந்துட்டேன்." பிறகு கட்டில் பக்கம் போய், "வந்துட்டேன் அங்கிள்" என்றாள். அப்பா இடது கையால் இடம் காட்டினார். உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் எப்போது வந்தாலும் அந்த இடத்தில்தான் உட்காருவாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பக்கத்தின் தோற்றம், நிறம், எழுத்து எல்லாம் அவள். திரட்டுகிற நிரல் நான். ஒவ்வொரு வலைப்பதிவும் தன் புதுப் பதிவுகளின் தலைப்பு, தேதி, முதல் சில வரிகளை எந்த அலங்காரமும் இல்லாமல் தனியாக ஒரு கோப்பில் வைத்திருக்கும். அதற்குத்தான் ஃபீட் என்று பெயர். என் நிரல் குறிப்பிட்ட இடைவெளியில் போய் ஒவ்வொரு ஃபீடாகத் திறந்து, புதிதாக எது இருந்தாலும் எடுத்துவந்து எங்கள் பக்கத்தில் அடுக்கும். புதியது மேலே, பழையது கீழே. காகிதத்தை மடித்துக் கொக்கும் தவளையும் செய்கிறவர்கள், நாடா சுருட்டுகிறவர்கள், கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்கள், காகிதக் கூழில் கிண்ணம் செய்கிறவர்கள், வாழ்த்து அட்டை செய்கிறவர்கள். தேடித் தேடி முகவரிகளைச் சேர்த்தோம். பாதிக்கு மேல் செத்துப்போன முகவரிகள்.

அந்த வேலை எனக்குப் பொருந்தியது என்று இப்போது தோன்றுகிறது. பிடித்தது என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்குச் சோறு ஊட்டி, வாயைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்துவிட்டு உட்கார்வேன். ஏதோ ஒரு ஊரில் ஒருவர் காகிதத்தில் யானை செய்திருப்பார். இன்னொருவர் பேத்தியின் பிறந்தநாளுக்குத் தொப்பி. தலைப்பைப் படிப்பேன். சரியாக விழுந்திருக்கிறதா, தேதி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பேன். யானை அழகாக இருக்கிறதா என்று பார்த்ததில்லை. சில பதிவுகளின் தேதியை நிரலால் புரிந்துகொள்ள முடியாமல், எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி ஒன்று என்று காட்டியது. கம்ப்யூட்டருக்கு அதுதான் காலத்தின் தொடக்கம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம யாரும் பொறக்கறதுக்கு முன்னாடியே யாரோ பூ செஞ்சு வெச்சிருக்காங்கடி!" நான் அந்த வரியைத் திருத்தினேன்.

அவள் நிறத்துக்காக நாள்கணக்கில் அலட்டிக்கொள்வாள். ஒரு மதியம் தலைப்புப் பட்டைக்கு ஒரு பச்சை வைத்துப் பார்த்தாள்.

"இது வேணாம். ஆஸ்பத்திரிப் பச்சை மாதிரி..." என்று ஆரம்பித்து, கட்டிலைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா, அதே பச்சைதான்" என்றேன். "மாத்து."

அவள் என்னையே பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபையிலிருந்து ஜெபம் பண்ண வருவார்கள். எங்கள் அறை சின்னது. கட்டிலைச் சுற்றி நெருக்கி நின்றுகொண்டு, பாஸ்டர் ஐயா அப்பாவின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். அப்பாவுக்குக் கூட்டத்தைக் கண்டதும் உடம்பே நிமிர்ந்துவிட்டது. "முந்தெ ஹோகி! முந்தெ ஹோகி! இன்னூ ஜாக இதெ!" என்று முழு டூட்டிக் குரலில் கத்தினார். இன்னும் இடம் இருக்கிறதாம். பின்னால் நின்ற அக்காமார்கள் நிஜமாகவே ரெண்டடி நகர்ந்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பு வந்து முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார். அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். நான் டம்ளர்களைக் கழுவி வைத்தேன். பாஸ்டர் ஐயா போகும்போது என்னிடம், "நீ தைரியமா இருக்கம்மா, அது கர்த்தர் குடுத்தது" என்றார். தைரியம் மாதிரி எதுவும் என்னிடம் இல்லை. எதிர்த்துச் சொல்லவும் ஒன்றுமில்லை.

பக்கத்தின் மேலே வைக்க இணையத்திலிருந்து படம் எடுக்கக் கூடாது, நாமே மடித்து நாமே போட்டோ எடுக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். ஒரு நாள் வண்ணத்தாள் கட்டோடு வந்து கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். அப்பா ஒருக்களித்துப் படுத்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிசியோதெரபிக்கு வருகிறவர், இடது கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று சொல்லியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு மஞ்சள் தாளை நான்காக மடித்து, கோடு விழ அழுத்தி, விரித்து, அப்பாவின் இடது கையில் கொடுத்தாள்.

"அங்கிள், இந்தக் கோட்டுல மடிங்க பாக்கலாம்."

அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் அந்தக் கோட்டிலேயே நேராகக் கிழித்தார். ஒரு துண்டை அவளிடம் நீட்டினார்.

"எல்லிகெ?" என்றார். எங்கே போக வேண்டும்?

அவள் ஒரு கணம் திகைத்து, "தர்மபுரி" என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார். அந்த பஸ் இது இல்லை என்பது போல. பிறகு என்ன நினைத்தாரோ, மிச்சத் துண்டையும் அவளிடமே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் மஞ்சளாக இருந்தது, ஓரத்தில் எச்சில் ஈரம் இருந்தது. இது இரண்டும்தான் மனதில் நின்றன. மறுபடி ஒரு தாள் கொடுத்துப் பார்த்தோம். "பேட" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் கொடுக்கவில்லை.

புராஜெக்ட்டைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர், கண்டிப்பானவர், வந்திருந்தார். முந்தின நாள் மாலை வரை பார்த்தோம். பக்கம் அழகாகத்தான் இருந்தது. கடைசியில் இளம் மண்நிறமும் வெள்ளையுமாக ஒரு தோற்றத்தை அவள் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு பதிவும் ஓரம் லேசாக மடிந்த தாள் மாதிரி தெரியும். மேலே அவள் மடித்த சிவப்பு மீன்.

எங்கள் முறை வந்து பக்கத்தைத் திறந்தால், மீனுக்குக் கீழே வரிசையாகச் சூதாட்டம். ஆன்லைன் ரம்மி, கேசினோ, இன்றே சேருங்கள், முதல் ஆட்டம் இலவசம். ஒவ்வொன்றும் ஓரம் மடிந்த அழகான தாளில்.

அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பின் பெஞ்சில் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதுதான் காகிதக் கலையா?" என்று தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

எந்த ஃபீடிலிருந்து வருகிறது என்று நான் பார்த்தேன். கத்தரிக்கோலால் காகிதத்தில் இலைகளை வெட்டுகிற ஒரு பெண்மணியின் வலைப்பதிவு. குளிர்நாடு ஒன்றில் இருப்பவர். அவர் தளத்தின் முகவரியைப் பணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். சூதாட்டக்காரர்கள் அதை வாங்கிவிட்டிருக்கிறார்கள். முகவரி அதேதான், பின்னால் இருக்கும் ஆள்தான் வேறு. இதையே தேர்வாளரிடம் சொன்னேன்.

"வடிகட்டும் ஏற்பாடு செய்யவில்லையா?"

"இல்லை. எது வருகிறதோ அதைக் காட்டுகிறோம்."

"எது வந்தாலுமா?"

"எது வந்தாலும்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நிரலைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சில கேள்விகள் கேட்டார். பதில் சொன்னேன். மீனை யார் செய்தது என்று கேட்டார். என் தோழி கையைத் தூக்கினாள்.

வெளியே வந்து அடுகோடி பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். ஸ்டாப்பில் வெடித்தாள்.

"உனக்கு ஒண்ணுமே ஆகலையாடி? நீ பாட்டுக்கு நியூஸ் வாசிக்கிற மாதிரி பதில் சொல்ற!"

"வேற என்ன சொல்லணும்?"

"ஐயோன்னு சொல்லணும். இவ்ளோ நாள் உக்காந்து செஞ்சது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஐயோன்னு சொல்லுடி!"

"ஐயோ" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். ஸ்டாப்பில் நின்றிருந்தவர்கள் பார்த்தார்கள். நான் என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஸாரிடி. உங்கப்பா அப்படி இருக்கறப்ப, நான் போயி ஒரு வெப்சைட்டுக்காக..." என்றாள்.

"பரவால்ல. அது நல்ல வெப்சைட்டுதான்."

நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சொன்ன விதத்தில் அது அவளுக்குத் தெரிந்திருக்காது. பஸ் வந்தது. ஏறினோம். கண்டக்டர் முன்னால் போகச் சொன்னார். போனோம்.

அன்று மாலையே அந்த ஃபீடை எடுத்துவிட்டேன். ஒரு வரியை நீக்கினால் போதும். நீக்குமுன், எங்களிடம் சேமித்து வைத்திருந்த அந்தப் பெண்மணியின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அதுவரை நான் அவற்றைப் படித்ததே இல்லை. நிறைய எழுத மாட்டார். இன்று மேப்பிள் இலை, தாள் மெல்லியது, ஒரு நரம்பு அறுந்துவிட்டது, இவ்வளவுதான். கடைசிப் பதிவில், வீடு மாறுகிறேன், பெட்டிகளைப் பிரித்த பிறகு எழுதுகிறேன் என்று இருந்தது. அதற்குப் பிறகு ரம்மி. அவருக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்கலாமா என்று தோன்றியது. தேடவில்லை. அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாகியிருந்தது.

மதிப்பெண் குறைந்ததே தவிர இருவரும் பாஸ். அவள் சென்னையில் ஒரு விளம்பர கம்பெனிக்குப் போனாள். இப்போதும் எப்போதாவது போனில், "ஐயோ சொல்றவளே, எப்படி இருக்க?" என்பாள். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அம்மா கார்மெண்ட்ஸை விட்டு நின்றாள். அப்பா குச்சியை ஊன்றிக் கழிவறை வரைக்கும் நடக்கப் பழகினார். கன்னடம் கூடிக்கொண்டே வந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள். சாயங்காலம் நான் ஆபீஸ் கேப்பிலிருந்து இறங்கி வந்தால், ஊட்ட ஆய்த்தா, மளெ பந்த்தா, சாப்பாடு ஆச்சா, மழை வந்ததா என்று கேட்பார். நானும் கன்னடத்திலேயே பதில் சொல்வேன். எங்களுக்குள் அப்படியே பழகிவிட்டது.

ஒரு நாள் மதியம் ஆபீசில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"ஒங்கப்பா பேசிட்டாருடி. தமிழ்ல."

"இன்னா சொன்னாரு?"

"இன்னா கொழம்புன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் எங்க சொல்றது? கரண்டியோட நின்னுட்டேன். அப்புறம் அவரே, இன்னா கொழம்புன்னு கேக்கறேன் இல்ல, காது கேக்கலயான்னு கத்தறாரு. கருவாட்டுக் கொழம்புன்னேன். உப்பு கம்மியா போடு, அன்னிக்கு மாதிரி அள்ளிக் கொட்டாதன்னாரு." அம்மா அழுதுகொண்டிருந்தாள். "எந்த அன்னிக்கோ, தெரியல."

"சரிம்மா" என்றேன். "சந்தோஷம்." போனை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவள் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வீட்டுக்குப் போனபோது எதிர்வீட்டு அக்கா, மேல்வீட்டு அம்மா எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். அம்மா மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். குழம்பு ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உப்பாகிக்கொண்டே போனது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

"பன்னி" என்றார். "ஊட்ட ஆய்த்தா?"

நான் காத்திருந்தேன். அம்மாவிடம் திரும்பி, "அந்த ஃபேன இன்னும் கொஞ்சம் வெய்யி" என்று தமிழில் சொன்னார். என்னைப் பார்த்து மறுபடி, "ஊட்ட ஆய்த்தா?"

எனக்குக் கோபம் வந்தது. தொண்டையிலிருந்து காதுவரை சூடாக ஏறியது. எவ்வளவோ காலமாக உடம்பில் அப்படி எதுவும் நடந்ததில்லை என்பதால், முதலில் அது என்னவென்றே புரியவில்லை.

"எங்கிட்டயும் தமிழ்ல பேசுப்பா!" என்றேன். வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. "அம்மாகிட்ட மட்டும் பேசற? நான் உன் பொண்ணு. பாசஞ்சர் இல்ல."

"ஏண்டி அவர்கிட்ட கத்தற?" என்று அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

அப்பா என்னைக் கூர்ந்து பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அசைந்தது, எதையோ தேடுகிற மாதிரி. கிடைக்கவில்லை. இடது கையை நீட்டி என் கையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் உட்காரவைத்தார். "கூத்கொள்ளி" என்றார். உட்காருங்கள்.

உட்கார்ந்தேன். கை அவர் கைக்குள்ளேயே இருந்தது. கோபம் உடனே இறங்கவில்லை. வெகு நேரம் இருந்தது.

"இன்னும் சாப்பிடலப்பா" என்றேன், தமிழில். "போடச் சொல்லு."

அவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.